எஞ்சினுக்குப் பூக் கேட்டவர்

மோர் புளித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள என் அத்திம்பேருக்குத் தம் நாக்கு ஒன்று போதாது. அக்காவின் உள்ளங்கையில் கொஞ்சம் விடுவார், என் உள்ளங்கையில் கொஞ்சம் விடுவார். நாங்கள் இருவரும் புளிப்பு என்று சொன்ன பிறகும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்ப்பார். யாராவது வந்தால் அவர்களையும் கேட்கலாமே என்ற நப்பாசை. அதற்குள் இலையில் சாதம் ஆறிப் போயிருக்கும்.

மைசூரில் வாத்தியாரம்மா வேலைக்குப் பயிற்சி எடுத்தபோது நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. கோட்டைக்குத் தெற்கே அக்ரஹாரத்தில் சின்ன வீடு. வாசலில் வேப்பமரம், மரத்தடியில் அத்திம்பேரின் கார். மேல்கோட்டையில் தம் பங்குக்கு வந்த நிலத்தை விற்று வாங்கிய வாடகைக் கார் அது. அதை வாங்கலாமா வேண்டாமா என்று அவர் ஊரெல்லாம் கேட்டு முடிப்பதற்குள், முதலில் பார்த்து வைத்த காரை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்களாம். இது இரண்டாவதாகப் பார்த்தது.

ஆள் உயரம், ஒல்லி. நெற்றியில் திருமண், பஞ்சகச்சத்துக்கு மேல் காக்கிக் கோட்டு. உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கூடத்துக்கும் புழக்கடைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். வெளியே கிளம்பச் செருப்பை மாட்டுவார், எதையோ நினைத்துக்கொண்டு கழற்றுவார், மறுபடியும் மாட்டுவார். அவரைப் பார்த்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தால் எனக்கே கால் குறுகுறுக்கும். எழுந்து நானும் நடக்கலாமா என்று தோன்றும்.

யார் என்ன யோசனை சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். "ஹௌதா?" என்பார். அப்படியா என்பதற்குக் கன்னடம். அந்த ஒரு வார்த்தையை அத்தனை மரியாதையோடு வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவருக்குத் தாம் பெரிய மந்திரி என்ற நினைப்பு வந்துவிடும். அதனால்தான் ஊரில் எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. அக்காவைத் தவிர என்று நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் பெண் பிறந்து புண்யாஹவாசனம் நடந்த அன்று நான் இருந்தேன். வாத்தியார் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லுங்கள் என்றார். அத்திம்பேர் தம் அண்ணாவைப் பார்த்தார், என் அப்பாவைப் பார்த்தார், வந்திருந்த பந்துக்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் ஹௌதா. வாத்தியார் விசிறியால் முகத்தை விசிறிக்கொண்டு, "ஸ்வாமி, எனக்கு இன்னொரு ஆத்துல காரியம் இருக்கு" என்றார். அக்கா மணையிலிருந்தே ஒரு பெயரைச் சொல்லிவிட்டாள். சபை அதிர்ந்து போயிற்று. அத்திம்பேர் மட்டும் மூச்சை விட்டு, "நன்னாயிருக்கே!" என்று சிரித்தார்.

ஒரு நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பாடம் நடத்திக் காட்ட வேண்டிய நாள் அது. மழை வருமா, கொண்டுபோய் விடலாமா, ஜட்காவே போதுமா என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்கப் போய் என்னைத் தாமதமாக்கிவிட்டார்.

"அத்திம்பேர், உங்களுக்கா ஒண்ணும் தோணாதா?" என்று கேட்டேவிட்டேன்.

கோபித்துக்கொள்ளவில்லை. நடையை மட்டும் நிறுத்தினார். "தோணும்மா. தோணினதும் அதுக்கு நேர்மாறாவும் தோணும். ரெண்டும் நெஜமாத்தான் இருக்கும். அதான் இன்னொருத்தரைக் கேக்கறேன்" என்றார். பிறகு, "ஒருத்தர் பேச்சைக் கேட்டு நடந்து, அது தப்பாப் போயிட்டா அவர் மேல கோவம் வரும். பத்துப் பேரைக் கேட்டுட்டா யார் மேலயும் கோவம் வராது பாரு" என்றார்.

அவர் யார் மேலாவது கோபப்பட்டு நான் பார்த்ததும் இல்லை.

எஞ்சின் கெட்டதும் இந்தக் கேள்வியால்தான். குண்டலுபேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, ரேடியேட்டர் குழாய் எங்கோ விட்டுவிட்டது. சூடு ஏறிய வாசனை அவருக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. உடனே நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் பின் சீட்டில் இருந்தவர்களைக் கேட்டிருக்கிறார். ஒருவர் நிறுத்து என்றார். இன்னொருவர், அடுத்த ஊரில் கிணறு இருக்கிறது, அங்கே போய் நிறுத்தலாம் என்றார். மூன்றாமவரையும் கேட்போம் என்று தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு விஷயத்தைப் புரிந்துகொள்வதற்குள் உள்ளே சம்மட்டியால் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்டு வண்டி நின்றுவிட்டது. நஞ்சன்கூடு வரைக்கும் மாடு கட்டி இழுத்தார்கள்.

மைசூரில் மண்டிப் பக்கம் ஒரு பட்டறை. மேஸ்திரி கொள்ளேகாலத்துக்காரர், உரத்த குரல், பொறுமை மருந்துக்கும் கிடையாது. எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க சாமி, பேரிங்கு ஈயமெல்லாம் உருகிப் போச்சுங்க. ஒரு சிலிண்டருல கோடு கோடா விழுந்து கெடக்குது. இப்ப மூணு வழி இருக்குதுங்க. புது ஈயம் ஊத்தி, ரிங்கு மாத்தி, கோட்டைத் தேச்சு விட்டுப் பூட்டிரலாம். ஓடும். எண்ணெய் குடிக்கும், பொகை விடும், ஆனா ஓடும். இல்லீனா பெங்களூருக்கு அனுப்பி நாலு சிலிண்டரையும் கடைஞ்சு பெரிய பிஸ்டனாப் போடோணும். புது எஞ்சினாட்ட இருக்கும். பிஸ்டன் பம்பாயிலிருந்து வரோணுங்க. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. அதுவும் இல்லீனா, குடகுல ஒரு தோட்டக்காரரோட காரு பள்ளத்துல உழுந்து கெடக்குது. இதே காருதான். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவலையாம். அதைக் கொண்டாந்து மாத்தீரலாம்."

"ஹௌதா?" என்றார் அத்திம்பேர். "உங்களுக்கு எது சரின்னு படறது?"

"எனக்கு மூணும் சரிதானுங்க. உங்க காரு. நீங்க சொல்லுங்க."

இதைவிடக் கொடுமையான வார்த்தையை அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

மறுநாளிலிருந்து ஊரே எஞ்சினைப் பற்றிப் பேசிற்று. பள்ளிக்கூட வாத்தியார் மாற்றிவிடுங்கள் என்றார். அரண்மனைக் கார்க்கொட்டகையில் வேலை பார்த்த ஒருவர் கடைவதுதான் சாஸ்திரம் என்றார். வைத்தியர் ஒருவர், உடம்பைத் திறந்த பிறகு அரைகுறையாக மூடக் கூடாது என்றார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கரும்பாலை வைத்திருந்த ஒருவர் ஈயம் ஊற்றினால் போதும் என்றார். இவரைக் கேட்க அத்திம்பேர் ரயிலேறிப் போய் வந்தார். கடைசியில் என்னிடமும் வந்தார். எனக்கு எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. "நீ படிக்கிற பொண்ணு, உனக்கு என்ன தோணறது?" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. அரண்மனை விளக்குகளைத் துடைக்க ஆள் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மைசூரில் வாடகைக் கார் வைத்திருப்பவனுக்கு வருஷம் என்றால் அந்தப் பத்து நாள்தான். பெரிய ஓட்டல் ஒன்று நவராத்திரி முழுவதற்கும் அவர் காரைப் பேசி வைத்திருந்தது. ஓட்டல் ஆள் வந்து, முதல் நாள் காலையில் கார் வாசலில் நிற்காவிட்டால் வேறு கார் பார்த்துக்கொள்வோம், அடுத்த வருஷத்துக்கும் கூப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்லிவைத்தாற்போல அத்திம்பேரின் அண்ணாவும் மேல்கோட்டையிலிருந்து வந்தார். "எதுக்குடா இந்த அலைச்சல்? காரை வித்துட்டு ஆத்தோட வந்து இரு. உனக்கும் உன் ஆம்படையாளுக்கும் சாதம் போட மாட்டேனா?" என்று அன்பாகவே சொன்னார்.

அத்திம்பேர் அதற்கும் ஹௌதா என்றுவிட்டார். அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அந்த அண்ணா கிளம்பிப் போன பிறகு என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அந்த ஆத்துக்கு நான் திரும்பிப் போக மாட்டேண்டி. அங்க சமையலுள் சாவி ஓரகத்தி இடுப்புல. உப்புக்கும் புளிக்கும் கையை நீட்டிண்டு நிக்கணும். இந்தக் கார் தசராவுக்கு ஓடலைன்னா அங்கதான் போகணும். இவர் இன்னும் கேட்டுண்டே இருக்காரே!" என்று அழுதாள். அக்கா அழுது நான் பார்த்தது அபூர்வம்.

மனிதர்களைக் கேட்டு ஓய்ந்த பிறகு அத்திம்பேர் ஸ்வாமியைக் கேட்கலாம் என்று முடிவு செய்தார். நஞ்சன்கூடு போகிற சாலையில், தோப்புக்கு நடுவே ஓர் ஆஞ்சநேயர் கோயில். மைசூர்ச் சீமையில் பூக் கேட்பது சகஜம். ஸ்வாமி திருமேனியில் பூக்களை நனைத்து ஒட்டி வைத்திருப்பார்கள். மனசில் நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து பூ விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், வழக்குக்குக் கேட்பார்கள், காணாமல் போன மாட்டுக்குக் கேட்பார்கள். எஞ்சினுக்குக் கேட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

விழுந்த பூவைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பூவுக்கு இரண்டு பக்கம்தான் உண்டு, அவரிடமோ மூன்று வழி இருந்தது. வழியெல்லாம் இதே கவலை. கடைசியில் ஒவ்வொன்றாகக் கேட்பது என்று அர்ச்சகரிடம் பேசி ஏற்பாடு செய்துகொண்டார்.

ஈயம் ஊற்றலாமா என்று கேட்டுக் கண்ணை மூடினார். மூடின மாத்திரத்தில் இடப்பக்கத்திலிருந்து ஒரு செவ்வரளி விழுந்தது. பெங்களூருக்கு அனுப்பலாமா என்று கேட்டார். ஒன்றுமே விழவில்லை. விளக்குத் திரி கருகுகிற வரை நின்றோம். ஸ்வாமிக்கே பம்பாய்ப் பிஸ்டனைப் பற்றி நிச்சயமில்லை போலும் என்று நினைத்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எஞ்சினையே மாற்றிவிடலாமா என்று மூன்றாவதாகக் கேட்டார். வலத் தோளிலிருந்து ஒரு கொத்துத் துளசியும் பூவுமாகச் சரிந்து விழுந்தது. அர்ச்சகர் கன்னடத்தில், "வலப்பக்கம் கொடுத்துவிட்டார்!" என்று கூவினார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றார்.

"ஏம்மா, இன்னொரு கோயில்லயும் கேட்டுடலாமா?"

"அத்திம்பேர்! ஸ்வாமி வார்த்தைக்கு மேல யாரைக் கேப்பேள்?" என்று கத்தியேவிட்டேன். பயந்து போய்க் கோபுரம் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அன்று ராத்திரி வெகுநாள் கழித்து அவர் நடக்காமல் தூங்கினார்.

அவர் தூக்கம் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. குடகிலிருந்து பஸ்ஸில் வந்த ஆள் மூலம் மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்தது. எஞ்சின் இருப்பது நிஜம். ஆனால் கார் இன்னும் பள்ளத்திலேயே கிடக்கிறது. மழை விட்ட பிறகுதான் யானை கட்டி இழுக்க முடியும். தசரா முடிந்து தீபாவளியும் ஆகிவிடும். அத்திம்பேர் அதைக் கேட்டுக் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஸ்வாமி சொல்லிட்டார். காத்துண்டிருக்க வேண்டியதுதான்" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். அதுவும் இந்த விஷயத்தில்தானா இருக்க வேண்டும்!

அவர் ரயில் நிலையத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் அக்கா பெருமாளுக்கு விளக்கேற்றினாள். வெகுநேரம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். குழந்தையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு என்னோடு ஜட்காவில் ஏறினாள். பட்டறைக்கு அந்த நாளில் பெண்கள் போக மாட்டார்கள். மடிசாரோடு ஒரு மாமி வந்து இறங்கியதைப் பார்த்து மேஸ்திரி கையிலிருந்த பீடியைக் காலடியில் போட்டு மிதித்தார்.

"மேஸ்திரி, ஈயம் ஊத்திடுங்கோ. நவராத்திரிக்கு முன்னால கார் ஆத்து வாசல்ல நிக்கணும்."

"சாமி ஒத்துக்கிட்டாருங்களாம்மா?"

"அவர் ஒத்துக்கறதுக்குள்ள அடுத்த தசரா வந்துடும். நான் சொல்றேன், பண்ணுங்கோ."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பூவு வேற மாதிரி உழுந்துச்சுன்னு சொன்னாருங்களே."

"அது என் பாடு," என்றாள் அக்கா. திரும்பும்போது ஜட்காவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கை சில்லென்றிருந்தது. அக்காவுக்கு ஆஞ்சநேயரிடம் பயம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவளுக்கு அத்திம்பேரைவிடப் பத்து மடங்கு பயம் உண்டு.

நவராத்திரிக்கு முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரியே காரை ஓட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, சாவியை அக்கா பக்கமாக நீட்டிவிட்டு, அத்திம்பேர் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அத்திம்பேர் காரைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து பார்த்தார். ராத்திரி சாப்பிடவில்லை. கூடத்துக்கும் புழக்கடைக்குமாக நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப் போனேன்.

விடிந்தது. குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு, காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு, எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹாண்டிலோடு கார் முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். ஓட்டலில் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள்.

"கெளம்பலையா?"

"எப்படிக் கெளம்பறது? ஸ்வாமி ஒண்ணு சொன்னார், நாம ஒண்ணு பண்ணிட்டோம். பின்னால நாலு பேர் நம்மை நம்பி ஏறுவா. அவாளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" அவர் குரலில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. ஹாண்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ஈயம் வேண்டாம்னு அவர் ஸ்பஷ்டமாச் சொன்னாரே. உன் தங்கையும் பார்த்தாளே."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னாள்.

"நானும் கேட்டேன்."

"என்னது?"

"நானும் பூக் கேட்டேன். நம்ம தெருக்கோடி ஆஞ்சநேயரை. ஈயம் ஊத்தலாமான்னு கேட்டேன். வலப்பக்கம் கொடுத்தார்."

அத்திம்பேர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "ஹௌதா? என்னிக்குக் கேட்டே?"

அக்கா பொய் சொல்லிப் பழகாதவள். "நீங்கோ தோப்புக் கோயிலுக்குப் போனேளே, அன்னிக்குத்தான்" என்றாள்.

வேறு எந்த நாளைச் சொல்லியிருந்தாலும் சரி. நாங்கள் தோப்புக் கோயிலுக்குப் போன அன்று அக்காவுக்கு இரண்டாம் நாள். புழக்கடைத் தாழ்வாரத்தில் தட்டும் செம்புமாகத் தனியாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். சமையலுள்ளுக்குள்ளேயே வரக் கூடாத நாளில் கோயில் வாசலை எங்கே மிதிப்பது? எனக்குத் தளிகை தேறாது என்று அன்று விடியற்காலையில் அரிசி களைந்து வைத்ததும், திரும்பி வந்து எட்ட நின்று அவள் தட்டில் சாதம் போட்டதும் அத்திம்பேரேதான்.

அக்காவுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் முகம் வெளுத்தது. கோலமாவு கையோடு புடைவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அத்திம்பேர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். என்னைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். எதிர்வீட்டுக்காரரும் அந்த நேரம் பார்த்துச் செம்போடு வாசலுக்கு வந்தார். அவரையும் பார்த்தார்.

"வலப்பக்கமா?" என்று அக்காவிடமே கேட்டார்.

"வலப்பக்கம்தான்."

"சரி" என்றார்.

வேறு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து ஹாண்டிலைப் பொருத்திச் சுற்றினார். எஞ்சின் உறுமிவிட்டு நின்றது. மறுபடியும் சுற்றினார். பிடித்துக்கொண்டது. கொஞ்சம் நீலப் புகை வந்தது. ஏறி உட்கார்ந்து, காரைத் திருப்பி, அரண்மனைப் பக்கம் போகிற தெருவில் ஓட்டிக்கொண்டு போனார்.

அக்கா பாதிக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்வாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேனேடி. உன் அத்திம்பேருக்குத் தெரிஞ்சுபோயிருக்குமா?"

"தெரியும் அக்கா."

அவள் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் அதற்குள் திரும்பிவிட்டது, சத்தம் மட்டும் கேட்டது.

"தெரிஞ்சுண்டுதாண்டி போறார்" என்றாள்.